பெர்ரியும் சூ வீட்டும்: காம்போட், சாஸ், சிரப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் போதும், மும்பையின் மாட்டுங்கா மார்க்கெட்டிலும் செம்பூர் ஸ்டேஷன் வாசலிலும் மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரிப் பெட்டிகள் அடுக்கடுக்காக வந்து இறங்கிவிடும். வாங்கி வந்த அன்று ஒரு பெட்டி காலி, மறுநாள் இன்னொரு பெட்டியில் பாதி, மூன்றாம் நாள் மீதி எல்லாம் அடியில் நீர் விட்டுக்கொண்டு கிடக்கும். அந்த மீதியை என்ன செய்வது என்ற இடத்தில்தான் சூ வீட் பேச்சு வருகிறது. தெரிந்தவர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சூ வீட் என்றால் என்ன?

உணவைக் காற்று இல்லாமல் ஒரு பையில் மூடி, அந்தப் பையை வெந்நீரில் அமிழ்த்தி, தண்ணீரின் சூட்டை ஒரே டிகிரியில் நிறுத்திவைத்துச் சமைப்பது. தண்ணீர் கொதிக்கவே கொதிக்காது. 60 என்று வைத்தால் 60, 85 என்று வைத்தால் 85. இதற்கென்று ஒரு கருவி வருகிறது. பாத்திரத்தின் ஓரத்தில் மாட்டினால் தண்ணீரைச் சூடாக்கிச் சுழலவிட்டுக்கொண்டே இருக்கும். 1970களில் பிரான்சு நாட்டு உணவகங்களில் ஆரம்பித்த முறை, இப்போது வீட்டு அடுக்களை வரை வந்துவிட்டது.

பெர்ரிக்கு எதற்கு இவ்வளவு ஏற்பாடு? கடாயில் போட்டுக் கிளறினால் ஆகாதா?

ஆகும். ஜாம் வேண்டும் என்றால் கடாய்தான் சரி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஸ்ட்ராபெரியைக் கடாயில் போட்டதும் வீடு முழுக்க மணக்கும் இல்லையா, அந்த மணம் பழத்திலிருந்து கிளம்பி வெளியே போன மணம். கூடத்தில் இருப்பவர்களுக்கு அது சந்தோஷமாக இருக்கும், சாஸுக்கு அது நஷ்டம். ஸ்ட்ராபெரியின் வாசனையைத் தரும் பொருட்களில் பல, லேசான சூட்டிலேயே ஆவியாகக் கூடியவை. மூடிய பைக்குள் அவை போவதற்கு வழி கிடையாது, ஆறும்போது திரும்பச் சாற்றுக்குள்ளேயே இறங்கிவிடும். பையைத் திறக்கும்போதுதான் அது தெரியும்: வெந்த பழத்தின் வாடை இல்லாமல், பெட்டியைப் பிரித்தபோது வந்த அதே வாசனை வரும்.

இரண்டாவது காரணம் உருவம். கடாயில் அடிப்பக்கம் 100 டிகிரியைத் தொட்டுவிடும், மேலே இருக்கும் பழம் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். கரண்டி போட்டால் வெந்தது நசுங்கும், கரண்டி போடாவிட்டால் அடி பிடிக்கும். பைக்குள் எல்லாப் பழமும் ஒரே சூட்டில் இருப்பதால் கிளறவே வேண்டாம். முழுசாகப் பழம் தெரிய வேண்டிய காம்போட்டுக்கு (சர்க்கரையோடு அதன் சாற்றிலேயே வேகவைத்த பழம்) இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒன்று மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில்: மூடிய பையிலிருந்து தண்ணீர் ஆவியாகாது. அதனால் எதுவும் சுண்டாது, எதுவும் தானாகக் கெட்டியாகாது.

எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்?

பழத்திடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. சாறு மட்டும் வேண்டுமா, முழுப் பழம் வேண்டுமா, கரைந்த விழுது வேண்டுமா? மூன்றுக்கும் மூன்று சூடு.

சிரப்புக்கு 60 டிகிரி, 2 மணி நேரம். இந்தச் சூட்டில் சர்க்கரை சாற்றை வெளியே இழுக்கும், பழத்தின் சதை பெரும்பாலும் கரையாது, அதனால் வடிகட்டும்போது சிரப் கண்ணாடி போலத் தெளிந்து வரும். 3 மணி நேரம் ஆனாலும் கெட்டுப்போகாது.

முழுப் பழ காம்போட்டுக்கு 70 டிகிரி, ஸ்ட்ராபெரிக்கு 25 முதல் 30 நிமிடம். தோல் தடித்த புளூபெரிக்கு இது போதாது, அதை 80க்கு மேல் கொண்டுபோனால்தான் தோல் இளகும்.

சாஸுக்கும், மசிந்த காம்போட்டுக்கும் 85 டிகிரி, 40 நிமிடம். இது ஏதோ கணக்குக்காகச் சொன்ன எண் இல்லை. செடியின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின். அது நன்றாகக் கரைய ஆரம்பிப்பது 83, 85 டிகிரி வாக்கில்தான். கேரட்டையோ பீன்ஸையோ சூ வீட் செய்பவர்கள் எல்லாரும் 85 என்று வைப்பது இதனால்தான். பெர்ரி அவற்றைவிட மென்மை, முன்னாடியே தளரத் தொடங்கிவிடும், ஆனால் முழுதாக விட்டுக்கொடுப்பது இந்த இடத்தில்.

இன்னொரு நுணுக்கம் உண்டு, பொறுமை இருப்பவர்களுக்கு. பழத்தில் இருக்கும் ஒரு நொதி 50 முதல் 60 டிகிரிக்குள் சுறுசுறுப்பாகி, பெக்டினை அங்கே இருக்கும் கால்சியத்தோடு பிணைய வைக்கும். அப்படிப் பிணைந்த பழம் பிறகு அதிகச் சூட்டைத் தாங்கும். ஆகவே ஸ்ட்ராபெரியை முதலில் 55 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, அப்புறம் 75க்கு ஏற்றினால், நேராக 75இல் போட்டதைவிடக் கட்டுக்கோப்பாக நிற்கும். சற்றுக் காயான, தோள் பக்கம் வெளுத்த பழத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். கனிந்து தொய்ந்த பழத்தை எந்த வித்தையும் நிமிர்த்தாது. அதைச் சாஸுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

சர்க்கரை, எலுமிச்சை எல்லாம் எவ்வளவு?

அரைக் கிலோ பழத்துக்குச் சொல்கிறேன். காம்போட்டுக்கு 60 முதல் 75 கிராம் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. சாஸுக்கு 100 கிராம் சர்க்கரை, மற்றதெல்லாம் அதேதான். சிரப்புக்கு 400 முதல் 500 கிராம் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு.

ஸ்ட்ராபெரியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், அதனால் தனியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விட வேண்டாம். சர்க்கரையைப் பழத்தோடு பிசறி 15 நிமிடம் வைத்தாலே அடியில் சாறு கட்டிவிடும். அந்தச் சாறோடு பையில் ஊற்றுங்கள். பழத்தைக் காம்பு கிள்ளுவதற்கு முன்னால் கழுவ வேண்டும், கிள்ளிய பிறகு கழுவினால் தண்ணீர் உள்ளே போய் ருசி மந்தமாகிவிடும். ஸ்ட்ராபெரி மண்ணை ஒட்டி விளைவது, ஆகவே ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழுவுங்கள்.

சொன்னபடியேதான் செய்தேன், சாஸ் ரசம் மாதிரி ஓடுகிறது. எங்கே தப்பு?

தப்பே இல்லை, அது அப்படித்தான் வரும். ஆவி போகாத பையில் சாறு சாறாகவே இருக்கும். கெட்டியாக்குவது தனி வேலை, அதற்குச் சில வழிகள் இருக்கின்றன.

எனக்குப் பிடித்தது பழத்தையும் சாற்றையும் பிரிப்பது. பையைப் பிரித்து வடிகட்டியில் கொட்டுங்கள், பழம் மேலே நிற்கும், சாறு கீழே இறங்கும். சாற்றை மட்டும் அகலமான ஸ்டீல் வாணலியில் ஊற்றி, பெரிய தீயில் ஐந்தாறு நிமிடம் சுண்டவிடுங்கள். முதலில் பெரிய குமிழிகள் சளசளவென்று வரும், தண்ணீர் குறையக் குறையக் குமிழி சின்னதாகிப் பளபளப்பாகும், கரண்டியின் பின்பக்கம் சாறு ஒட்டி நிற்கும். அங்கே அடுப்பை அணைத்துவிட்டு, பழத்தை அதில் போட்டுப் புரட்டுங்கள். சாற்றின் வாசனை கொஞ்சம் போகும், உண்மைதான், ஆனால் பழத்தின் வாசனையும் உருவமும் அப்படியே இருக்கும். அலுப்பாக இருந்தால் பாதிச் சாற்றைச் சுண்டவைத்து, மீதிப் பாதியைப் பச்சையாகவே சேர்த்துவிடலாம். நான் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன்.

சுண்டவே வைக்கக் கூடாது என்பவர்களுக்கு: 85 டிகிரியில் வேகப்போகும் பையில், பிசறும்போதே ஒன்றரை டீஸ்பூன் கார்ன்ஃப்ளாரைச் சேர்த்துவிட்டால் அந்தச் சூட்டிலேயே அது வெந்து கெட்டிப்படும், அரைக் கிலோவுக்கு அந்த அளவு போதும். 60, 70 டிகிரியில் இது உதவாது. மாவு முழுசாக வேகாமல் நாக்கில் பச்சை மாவு தட்டுப்படும். சியா விதை ஒரு மேஜைக்கரண்டி போட்டு ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வைத்தாலும் கெட்டியாகும், தயிரில் போட்டுச் சாப்பிடுவதற்கு அது நன்றாகவே இருக்கும், கேக் மேல் ஊற்றுவதற்கு அழகாக இராது.

அப்புறம், சூடாக இருக்கும்போது கெட்டித்தன்மையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆறினால் ஒரு படி இறுகும்.

அப்படியானால் பையிலேயே ஜாம் செய்ய முடியாதா?

முடியாது. ஜாம் உறைவதற்குச் சர்க்கரையின் பங்கு 65 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும், போதிய புளிப்பும் பெக்டினும் வேண்டும், தண்ணீர் கொதித்து வெளியேற வேண்டும். கடைசியாகச் சொன்னது பைக்குள் நடக்காது. கடாயை எடுங்கள்.

மும்பையில் எந்தப் பழம் எப்போது கிடைக்கும், எதற்கு எது நல்லது?

ஸ்ட்ராபெரி டிசம்பர் முதல் மார்ச் வரை. சத்தாரா மாவட்டத்தின் மகாபலேஷ்வர், பஞ்ச்கனி பக்கத்திலிருந்து வருவது. மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரிக்கு 2010இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஸ்வீட் சார்லி, விண்டர் டான், கமரோசா என்று ரகங்கள் உண்டு, ஆனால் தெருவோரக் கடையில் ரகம் கேட்டுப் பயனில்லை. பெட்டியைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள், அவ்வளவுதான். மேல் வரிசையில் பெரிய பழமும் கீழே பொடிசும் வைத்துக் கட்டுவது வழக்கம். சமையலுக்கு அந்தப் பொடிசுதான் உயர்ந்தது, ஏனென்றால் சின்னப் பழம் பெரும்பாலும் உள்வரை சிவந்திருக்கும், பெரிதில் நடுவில் வெள்ளைக் கூடு இருக்கும். மார்ச் மாதக் கடைசியில் விலை இறங்கிப் பழம் தளர்வாக வரும், சிரப் போட அதுதான் நேரம்.

அதே குளிர்காலத்தில் காகித உறை போட்ட மஞ்சள் உருண்டைப் பழம் ஒன்றை ரஸ்பரி என்று கூவி விற்பார்கள். அது சிவப்பு ராஸ்பெரி இல்லை, நம்மூர் சொடக்குத் தக்காளியின் உறவு. வெளிநாட்டுச் சமையல் குறிப்பில் ராஸ்பெரி என்று பார்த்துவிட்டு இதை வாங்கிப் போட்டால் வேறு பண்டம் ஆகிவிடும். ஆனால் இதுவும் தன்னளவில் அருமையான பழம்: 85 டிகிரியில் 40 நிமிடம் வைத்தால், புளிப்பும் இனிப்புமாக மஞ்சள் காம்போட் கிடைக்கும். பெக்டின் நிறைய இருப்பதால் ஓரளவு தானாகவே இறுகும்.

கோடையில் மல்பெரி, ஃபால்சா என்ற புளிப்பான சின்ன ஊதாப் பழம், களாக்காய். மல்பெரியில் இனிப்பு அதிகம், புளிப்புக் குறைவு, எலுமிச்சையை இரண்டு மடங்காக்குங்கள். ஃபால்சா முழுக்க விதை, அது சிரப்புக்கு மட்டும். கறுத்துப் பழுத்த களாப்பழத்தை ரயில்வே ஸ்டேஷன் வெளியே இலைத் தொன்னையில் வைத்து ஆதிவாசிப் பெண்கள் விற்பார்கள். அதில் பால் இருக்கும். கீறிவிட்டு உப்புத் தண்ணீரில் அலசிவிட்டு எடுங்கள். பெக்டின் நிறைந்தது, சாஸ் ஃபிரிட்ஜில் வைத்ததும் ஜெல்லி போல நிற்கும்.

மழை தொடங்கும் சமயத்தில் நாவல். பத்லாப்பூர், பால்கர் பக்கத்திலிருந்து கூடை கூடையாக வரும். நாவல் தாவரவியல்படி பெர்ரி வகைதான், நமக்கும் அப்படி வைத்துக்கொள்வதில் லாபம் உண்டு: கடற்கரையில் சீவிய ஐஸ் உருண்டை (ஐஸ் கோலா) மேல் ஊற்றுகிறார்களே காலா கட்டா, அந்தச் சுவைக்கு மூலம் இந்தப் பழம். அரைக் கிலோ நாவலைக் கீறி, 400 கிராம் சர்க்கரை, அரை டீஸ்பூன் கறுப்பு உப்பு, ஒரு எலுமிச்சையின் சாறு சேர்த்து 65 டிகிரியில் 2 மணி நேரம் வையுங்கள். கொட்டையோடு வேகலாம். பிறகு கண் பெரிய வடிகட்டியில் கையால் லேசாகத் தேய்த்தால் கொட்டை மேலே நிற்கும். அழுத்திப் பிழிந்தால் துவர்ப்பு ஏறிவிடும், ஆகவே லேசாகத் தேய்ப்பதோடு விட்டுவிடுங்கள். வறுத்துப் பொடித்த சீரகத்தைக் கடைசியில் தூவுங்கள். கடையில் வாங்கும் காலா கட்டா பாட்டிலில் நிறமும் புளிப்பும்தான் தூக்கலாக இருக்கும், இதில் பழம் இருக்கும். வீட்டில் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டால் பிள்ளைகள் பாட்டிலைத் தேடமாட்டார்கள்.

புளூபெரி பெரும்பாலும் இறக்குமதி, விலையும் அப்படி. உறைந்த பாக்கெட் வாங்குவதுதான் கட்டுப்படியாகும்.

உறைந்த பெர்ரி சரிப்படுமா?

சிரப்புக்கும் சாஸுக்கும் நன்றாகவே சரிப்படும். உறையும்போது ஐஸ் துகள்கள் செல் சுவரைக் கிழித்துவிடுவதால் சாறு சீக்கிரம் இறங்கும். முழுப் பழ காம்போட்டுக்கு வேண்டாம், குழைந்துவிடும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உறைந்த பெர்ரியில் நோரோவைரஸும் ஹெபடைடிஸ் ஏ கிருமியும் வந்து பலருக்கு உடம்பு சரியில்லாமல் போனது வெளிநாடுகளில் பல தடவை நடந்திருக்கிறது. 2012இல் ஜெர்மனியில் உறைந்த ஸ்ட்ராபெரி சாப்பிட்டுப் பள்ளிப் பிள்ளைகள் உட்படச் சுமார் 11,000 பேர் வாந்தி பேதியில் விழுந்தார்கள். உறைபதனம் இந்தக் கிருமிகளைக் கொல்லாது, 60 டிகிரிச் சூட்டையும் நம்ப முடியாது. 85 டிகிரி உள்வரை போய் ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும் என்பதுதான் பொதுவான வழிகாட்டல். சர்க்கரை அதிகம் சேர்ந்தால் கிருமி இன்னும் கொஞ்சம் தாங்கும் என்பதால், உறைந்த பழம் என்றால் நான் எதைச் செய்தாலும் 85இல் 45 நிமிடம் வைக்கிறேன். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே வேண்டாம்.

வேக்குவம் மிஷின் கட்டாயம் வேண்டுமா? ஜிப் பை போதுமா?

ஜிப் பை போதும். பெர்ரிக்கு அதுதான் மேல் என்றுகூடச் சொல்வேன். வீட்டில் வைத்திருக்கும் சின்ன வேக்குவம் மிஷின் காற்றோடு சாற்றையும் உறிஞ்சி இழுத்துவிடும், முத்திரை சரியாக ஒட்டாது; பலமாக உறிஞ்சினால் மென்மையான பழம் அப்படியே அமுங்கும். ஜிப் பையில் பழத்தைப் போட்டு, ஒரு மூலையை மட்டும் திறந்து வைத்து, மெல்லத் தண்ணீருக்குள் இறக்குங்கள். தண்ணீரின் அழுத்தம் காற்றை வெளியே தள்ளும், கடைசியில் அந்த மூலையையும் மூடிவிடுங்கள். ஜிப் பகுதி தண்ணீருக்கு மேலே இருக்கும்படி கிளிப் போட்டுப் பாத்திர விளிம்பில் மாட்டுங்கள்.

பை உணவுக்கான பாலித்தீனாக, சூடு தாங்குவதாகப் போட்டிருக்க வேண்டும். காய்கறி வாங்கிய மெல்லிய பை கூடவே கூடாது.

பிளாஸ்டிக்கில் சூடாக்கவே மனம் வரவில்லை என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்குக் கண்ணாடி ஜாடி இருக்கிறது. முக்கால் அளவு நிரப்பி, மூடியை விரல் நுனியால் மட்டும் திருகி, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே வைத்துச் சூட்டை ஏற்றுங்கள். கொதிக்கும் சூட்டில் சட்டென்று இறக்கினால் கண்ணாடி விரியும். எடுத்த பிறகும் ஐஸ் தண்ணீரில் வைக்காமல் வெளியே ஆறவிட்டுத்தான் குளிர்விக்க வேண்டும். ஜாடியில் சூடு உள்ளே போக நேரம் ஆகும், மேலே சொன்ன நேரத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பை மிதக்கிறது.

பெர்ரிக்குள்ளேயே காற்று இருக்கிறது, சூடேறியதும் அது வெளியே வந்து பை உப்பும். மேலே ஒரு ஸ்டீல் தட்டையோ இட்லித் தட்டையோ வைத்து அமுக்குங்கள். தண்ணீருக்கு வெளியே நிற்கும் பழம் வேகாது, பாதுகாப்பும் இல்லை.

கருவி இல்லாமல் முடியாதா?

60 டிகிரி வேலைக்கு முடியும். ஒரு நல்ல தெர்மாமீட்டரும் பெரிய ஹாட் பாக்ஸும் இருந்தால் போதும். 4 லிட்டர் தண்ணீரை 67 டிகிரி வரை சூடாக்கி ஹாட் பாக்ஸில் ஊற்றி, அறைச் சூட்டில் இருக்கும் அரைக் கிலோ ஸ்ட்ராபெரி, 400 கிராம் சர்க்கரை போட்ட பையை இறக்கினால் மொத்தமும் 62 வாக்கில் வந்து நிற்கும். ஃபிரிட்ஜிலிருந்து நேரே எடுத்த பழம் என்றால் இரண்டு டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை பார்த்து, குறைந்தால் ஒரு டம்ளர் வெந்நீர் சேருங்கள். 85 டிகிரியை இப்படி நிறுத்திவைப்பது கஷ்டம், அதற்கு அடுப்பில் கனமான பாத்திரம் வைத்துச் சிறு தீயில் கூடவே நிற்க வேண்டும்.

தெர்மாமீட்டர் சரியா என்று பார்க்கக் கொதிக்கும் தண்ணீரில் விடுங்கள். மும்பை கடல் மட்டத்தில் இருப்பதால் 100 காட்ட வேண்டும். பெங்களூரில் இருப்பவர்களுக்கு 97 வந்தால் அதுவே சரி, ஊர் 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது.

கருவி வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

230 வோல்ட்டுக்கானதா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து மகனோ மருமகளோ கொண்டுவரும் கருவி பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு, அதை இங்கே சொருகினால் போய்விடும். 1000 வாட் கருவி நாலரை ஆம்பியருக்குள்தான் இழுக்கும், சாதாரண பிளக்கே போதும். டாங்கர் தண்ணீரோ போர் தண்ணீரோ பயன்படுத்தும் குடியிருப்பில் கம்பியில் உப்புப் படியும். மாதம் ஒரு தடவை வினிகர் கலந்த தண்ணீரில் 60 டிகிரியில் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள்.

நிறம் ஏன் சில சமயம் மங்கிப்போகிறது?

பெர்ரியின் சிவப்புக்கும் நீலத்துக்கும் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. புளிப்பில் அது சிவக்கும், புளிப்புக் குறைந்தால் ஊதாவாகி நீலத்துக்குப் போகும். எலுமிச்சை சேர்க்கச் சொல்வதில் பாதிக் காரணம் இதுதான். நீலமாகத் தெரியும் புளூபெரிச் சாற்றில் எலுமிச்சை விழுந்ததும் ஒரு நொடியில் சிவந்து மலர்வதைப் பாருங்கள், கண்ணுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும்.

இந்த நிறமிக்குச் சூடு, காற்று, வெளிச்சம் மூன்றும் ஆகாது. பைக்குள் காற்று இல்லாததால்தான் சூ வீட் சாஸ் பளிச்சென்று இருக்கிறது. அதைச் சூடாகவே மிக்ஸியில் போட்டு நுரை பொங்க அரைத்தால் காற்றை நீங்களே உள்ளே அடைக்கிறீர்கள். ஆறவிட்டு, சில வினாடிகள் மட்டும் ஓட்டுங்கள். சுண்டவைக்க இரும்பு வாணலியும் அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், உலோகம் கலந்தால் நிறம் கறுத்து மாறும்.

சர்க்கரைக்குப் பதில் வெல்லம், தேன்?

ஸ்ட்ராபெரியில் வெல்லம் போட்டால் வெல்லம்தான் பேசும், பழம் வாயை மூடிக்கொள்ளும். நிறமும் பழுப்பாகும். வாசனையைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்கிறோம் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. நாவலும் களாப்பழமும் வெல்லத்தைத் தாங்கும், அவற்றில் தாராளமாகப் போடலாம். தேன் காம்போட்டில் நன்றாக இருக்கும், ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும், சமைத்ததாக இருந்தாலும், கொடுக்கக் கூடாது.

ஏலக்காய், பட்டை போடலாமா?

போடலாம், வழக்கமாகப் போடுவதில் பாதி. மூடிய பையில் மசாலா வாசனையும் வெளியே போகாது. ஸ்ட்ராபெரிக்கு நாலைந்து மிளகு தட்டிப் போட்டுப் பாருங்கள், கிராம்பைத் தவிர்த்துவிடுங்கள்.

எத்தனை நாள் இருக்கும்?

வெளியில் எடுத்த பையை உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு ஆற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். மும்பைச் சூட்டில் மேடை மேல் தானாக ஆறட்டும் என்று விடாதீர்கள். காம்போட், சாஸ் ஒரு வாரம். சர்க்கரை அதிகமுள்ள சிரப் இரண்டு மூன்று வாரம், கொதிநீரில் போட்டு எடுத்த பாட்டிலில். ஃபிரீசரில் ஆறு மாதம்கூட இருக்கும். ஸ்ட்ராபெரி, புளூபெரி எல்லாம் இயல்பிலேயே புளிப்பானவை என்பது ஒரு பாதுகாப்பு. மல்பெரிக்கு அந்தப் பாதுகாப்புக் குறைவு, எலுமிச்சையை விட்டுவிடாதீர்கள். பையில் மூடி வெந்துவிட்டதால் அலமாரியில் வெளியே வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம், இது ஊறுகாயும் இல்லை, டின்னில் அடைத்த பண்டமும் இல்லை. குமிழி விட்டாலோ, திறக்கும்போது புஸ் என்றாலோ, கள் வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

சிரப்பைப் பாலில் ஊற்றினால் திரிந்துவிடுகிறதே?

சூடான பாலில் ஊற்றியிருப்பீர்கள். பழத்தின் புளிப்பும் எலுமிச்சையும் சேர்ந்து பாலைத் திரிக்கும், சூடு அதை விரைவாக்கும். பால், சிரப் இரண்டையும் நன்றாகக் குளிரவைத்து, டம்ளரில் சிரப்பை முதலில் விட்டு, மேலே பாலை ஊற்றிக் கலக்கி உடனே குடித்துவிடுங்கள். ரோஸ் மில்க் குடிக்கிற வீட்டில் இது நிச்சயம் செல்லும். பாயசத்தில் சேர்ப்பதானால் பாயசம் ஃபிரிட்ஜில் குளிர்ந்த பிறகு, பரிமாறும் கிண்ணத்தில் மேலாக ஒரு கரண்டி.

சிரப் வடித்த பிறகு மிஞ்சும் சக்கையை எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள், அதில் இன்னும் சர்க்கரையும் ருசியும் நிறைய இருக்கிறது. ஸ்ட்ராபெரிச் சக்கையைத் தயிரில் கலந்து உப்பு ஒரு சிட்டிகை போட்டால் இனிப்புப் பச்சடி. கடைந்தால் லஸ்ஸி. நாவல், களாச் சக்கையில் காய்ந்த மிளகாய், வெல்லம், கடுகு தாளித்துச் சேர்த்துக் கடாயில் ஐந்து நிமிடம் கிளறினால், தோசைக்குத் தொட்டுக்கொள்ள இனிப்பும் காரமுமாக ஒன்று கிடைக்கும். ஃபால்சாவின் சக்கை முழுக்க விதை, அதை மட்டும் செடிக்கு உரமாகப் போட்டுவிடுங்கள்.